பாரம் துறந்த வள்ளல்

டெக்சாஸ் பக்கம் ஒரு பெருந்தகை இருக்கிறார். 1990-களில் வந்த செவர்லே சி3500 பிக்கப் அவருடையது. பின்னால் இரட்டைச் சக்கரம், மொத்தம் ஆறு டயர், 7.4 லிட்டர் வி8 எஞ்சின். வைக்கோல் கட்டுகளும் குதிரை டிரெய்லருமாக இழுத்து இழுத்தே தேய வேண்டிய பிறவி. அதைத் தரையோடு தரையாக இறக்கி, அந்தப் பாவப்பட்ட ஜென்மத்துக்கு நற்கதி கொடுத்துவிட்டார்.

இந்த வகை வண்டி காலியாக நின்றால் பின்பக்கம் சற்றுத் தூக்கலாக இருக்கும். பாரம் ஏறியதும் அமுங்கிச் சமமாகட்டும் என்று கட்டியது தொழிற்சாலையின் சின்னப் புத்தி. பாரமே ஏற்றாமல் விட்டால் என்ன? படித்த பொறியாளர்களுக்கு எட்டாத இந்த ஞானம் நம்மவருக்கு எட்டியது.

முன்பக்கத்துக்குக் குட்டையான காயில் ஸ்பிரிங் போதும். பின்பக்கத்தில்தான் அவர் கைவண்ணம். பட்டை ஸ்பிரிங்குக்கு அடியில் கிடந்த ஆக்சிலைத் தூக்கி ஸ்பிரிங்கின் மேல் உட்கார வைத்தார். வண்டி சுமார் 6 அங்குலம் இறங்கியது. இனி பள்ளத்தில் விழுந்தால் ஆக்சில் எழும்பிச் சேஸியில் இடிக்குமே? இடிக்கட்டும் என்று விடுகிற கல்நெஞ்சர் அல்ல அவர். சேஸியிலேயே பிறை வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, தகடு வைத்து போல்ட்டை முடுக்கினார். டன் கணக்கில் தாங்கவேண்டிய இரும்பை, பாரம் வந்து இறங்கும் இடமாகப் பார்த்து அறுக்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

பொதுநலத்திலும் குறை வைக்கவில்லை. தப்பித் தவறி ஒரு டன் ஜல்லி ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி, முகவிளக்கு மேலே பார்க்கிறது. எதிரே வருகிறவர் கண்ணுக்கெல்லாம் தம் சொந்தச் செலவில் ஒளி வழங்குகிறார். ஆக்சில் ஆட இடம் குறைந்துவிட்டதால், சாலையின் ஒவ்வொரு குழியும் ஒளிவுமறைவின்றி அவர் முதுகெலும்புக்கே வந்து சேருகிறது. வேகத்தடையைக் கண்டால் வண்டியைக் குறுக்கே திருப்பி அங்குலம் அங்குலமாக ஏறி இறங்கி, பின்னால் நிற்கும் அத்தனை பேருக்கும் பொறுமை கற்பிக்கிறார்.

வேலிக்கு மரம் வாங்கும் நாளில் மட்டும் அடுத்த வீட்டுக்காரரின் சின்ன பிக்கப்பை இரவல் கேட்கிறார். தன் வண்டி நோகக்கூடாது என்ற கருணைதான், வேறென்ன! சுமை வண்டியை வாங்கிச் சுமையைத் துறந்த அந்த மகான் நீடூழி வாழட்டும். அடுத்த வீட்டுக்காரரே, நீங்கள் மட்டும் சாவியைக் கொஞ்சம் பத்திரமாக வையுங்கள்.