ஃபார்மட் என்னும் சர்வரோக நிவாரணி

ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் டெல் கணினிகள் தயாராகின்றன. கணினி பிறக்கும் இந்த வட்டாரத்திலும், அது படுத்தால் வைத்தியம் ஒன்றுதான்: “விண்டோஸை ஃபார்மட் பண்ணிடலாம் சார்.” கணினியை எழுப்பிவிடும் பயாஸுக்கு அப்டேட் போட்ட மறுநாள் நீலத்திரை வந்தாலும் அதே மருந்து. பயாஸ் குடியிருப்பதோ மதர்போர்டின் தனிச் சிப்பில். வட்டை எத்தனை முறை துடைத்தாலும் அதற்குச் சேதி போகாது. அப்டேட்டில் பழைய செட்டிங்ஸ் அழிந்து, ராமின் வேகமோ வட்டு இயங்கும் முறையோ மாறியிருக்கலாம். அதைப் பார்க்கச் சில நிமிடம் போதும். ஆனால் பார்ப்பதற்கு யார் காசு கொடுப்பார்கள்?

“அப்படியானால் அப்டேட்டே வேண்டாமே!” என்பார்கள். அதுவும் சரியல்ல. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைச் சிப்கள் திணறியபோது, கேம்கள் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று புலம்பின. பழி கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போனது. பிறகு மதர்போர்டு செட்டிங்ஸுக்கு. ஜூலையில்தான், சிப்பின் மைக்ரோகோடே அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்டதை இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வந்த வழி? பயாஸ் அப்டேட்! ஏற்கெனவே கெட்ட சிப்பை அதுவும் காப்பாற்றாது. அதற்கு வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டினார்கள்.

ஆகவே அப்டேட் போடுங்கள். அதற்குமுன் பயாஸ் திரைகளைச் செல்போனில் படமெடுங்கள், வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். ஃபார்மட் எங்கும் ஓடிப்போகாது.