மீற்றர் மாமா

கல்லடியில் ஒரு செத்த வீடு. பந்தலுக்குள் பிளேன்டீ வருகிறது. எல்லோரும் கோப்பையை எடுத்து வாயில் வைக்கிறார்கள். ஒருவர் மட்டும் சட்டைப் பைக்குள் கைவிடுகிறார். எடுப்பது பேனை மாதிரி இருக்கிறது. மூடியைக் கழற்றி, கோப்பைக்குள் தோய்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சின்னத் திரையில் தெரியும் எண்ணைப் படிக்கிறார். பக்கத்துக் கதிரைக்காரரிடம் இழவு விசாரிக்கும் அதே குரலில் சொல்கிறார்: "கிணத்துத் தண்ணிதான். அறுநூறுக்கு மேல கிடக்கு. பாவம், மனுசன் இதத்தான் குடிச்சிருக்கார்."

செத்தவருக்கு வயது தொண்ணூற்றொன்று.

தேயிலையிலிருந்து இறங்கிய உப்புகளும் அந்த அறுநூறுக்குள் இருப்பதை அவர் கணக்கில் எடுப்பதில்லை. கோப்பையில் கரைந்திருக்கும் மூன்று கரண்டி சீனியை மீற்றர் கணக்கில் எடுப்பதில்லை. ரி.டி.எஸ். மீற்றர் என்று கடையில் விற்கும் அந்தக் குச்சி, தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று மட்டும்தான் பார்க்கும். உப்பு கடத்தும், சீனி கடத்தாது. கடத்தலை ஒரு எண்ணால் பெருக்கி, லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கலாம் என்று அது ஒரு குத்துமதிப்புச் சொல்கிறது. மாமா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்.

வாவிக்கரையில் ஊருக்கு ஒரு மீற்றர் மாமா உண்டு. காத்தான்குடியில் அவர் புடவைக்கடை முதலாளி. ஆரையம்பதியில் ஓய்வுபெற்ற அதிபர். களுவாஞ்சிகுடியில் கனடாவிலிருந்து வந்து போகும் மச்சான். கல்லடிக்காரர் கந்தோரில் முப்பது வருசம் எண் சரிபார்த்துப் பென்சன் எடுத்தவர். வீட்டுக்கு வந்த பிறகு சரிபார்க்க அவருக்கு மிஞ்சிய எண்கள் மூன்று: சீனி, பிரசர், ரி.டி.எஸ். முதல் இரண்டும் சொல்வழி கேட்காதவை. மூன்றாவதைக் காசு கொடுத்துக் குறைக்கலாம். குறைத்தும்விட்டார். அவருடைய குசினியில் தொங்கும் ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரத்தின் தண்ணீர் பன்னிரண்டு. "எங்கட வீட்டில பன்ரெண்டு" என்று சொல்லும்போது, மகளுக்கு மருத்துவபீடம் கிடைத்த தகப்பனின் முகம் அவருக்கு.

அவரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. எழுவான்கரை என்பது ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீள வாவியும் நெருக்க, நடுவில் நீட்டிக் கிடக்கும் மணல். பெய்த மழை அந்த மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கஞ்சிக்கு மேல் நெய் மாதிரி. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் தாங்கும் என்பது நிலத்தடி நீர்க்காரரின் பழைய கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உவர் ஏறும் என்பதும் அதே கணக்குத்தான். 2004 மார்கழி 26இல் கடல் வந்து போன பிறகு இந்தக் கரை அதைக் கண்ணால் கண்டது. ஒவ்வொரு கிணற்றையும் மோட்டர் வைத்து இறைத்தார்கள், குளோரீன் போட்டார்கள், மறுபடி இறைத்தார்கள். இறைக்க இறைக்கக் கீழே இருந்த உவர் மேலே ஏறியது. கிணறுகளைப் பார்த்து ஆராய்ந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம், அளவுக்கு மிஞ்சி இறைக்க வேண்டாம், மழை கழுவட்டும் என்றது. அடுத்த மாரிகள்தான் கழுவின. நாக்கில் உப்புப் பட்டால் நெஞ்சு திடுக்கிடும் பழக்கம் ஓர் ஊருக்கு வந்திருந்தால் அது அந்த நாட்களில் வந்ததுதான்.

ஆனால் உப்பு நாக்குக்குத் தெரியும். நாக்குக்குத் தெரியாத ஒன்று மாமாவின் வளவுக்குள்ளேயே கிடந்தது.

மட்டக்களப்பில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. மாப்பிள்ளை வந்து குடியேறுகிறவர். மாமாவும் அப்படி வந்தவர்தான். மாமியின் தாய்வளவு ஒரு காலத்தில் கால் ஏக்கர். ஒரு கிணறு, மூலையில் ஒரு கக்கூசு. பிறகு மூத்த மகளுக்கு முன்வளவில் சீதன வீடு, அதற்கு ஒரு மலசலகூடக் குழி. இளையவளுக்குப் பின்வளவில் சீதன வீடு, அதற்கும் ஒரு குழி. கிணறு நின்ற இடத்திலேயே நிற்கிறது. குழிகள்தான் உறவு கொண்டாடிக் கிட்ட வந்துவிட்டன. காத்தான்குடியில் இந்த நெருக்கம் இன்னும் இறுக்கம். இலங்கையிலேயே மிக நெருக்கமாக ஆட்கள் வாழும் ஊர்களில் அதுவும் ஒன்று. மணல் தண்ணீரை வடிக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். கலங்கலை வடிக்கும், உண்மை. குழியிலிருந்து கரைந்து வரும் நைத்திரேற்றுக்கு மணல் திறந்த படலை. கரைந்தது வடிபடாது, நிறமில்லை, மணமில்லை, கொதிக்க வைத்தால் போவதுமில்லை. தண்ணீர் வற்றுவதால் கொஞ்சம் செறிவுதான் கூடும்.

இந்த இடத்தில் மாமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாமிக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஆகாது. "சப்பெண்டு கிடக்கு. இதக் குடிச்சா நாக்கு நித்திரையாப் போகும்" என்பது அவவின் தீர்ப்பு. கிணற்றில் அள்ளி, கேத்தலில் கொதிக்க வைத்து, மண்பானையில் ஆறவிட்டுக் குடிப்பா. பேரப்பிள்ளைக்கு மாப்பால் கரைப்பதும் அதில்தான். வாட்டர் போர்ட்காரர் குழாய் பதித்து, உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரைச் சுத்திகரித்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தும் விட்டார்கள். மாமா அதிலும் மீற்றரை விட்டுப் பார்த்தார், நூற்றிச் சொச்சம். அதற்கு மேல் வடிக்க அதில் ஒன்றுமில்லை. ஆனால் "மருந்து மணக்குது" என்று மாமியும், "பன்ரெண்டு எங்க, நூறு எங்க" என்று மாமாவும் சேர்ந்து, அவர்கள் ஒத்துப்போன ஒரே விசயமாக, அந்தக் குழாயைப் பூமரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். மருந்து மணம் குளோரீனுடையது. திறந்த பாத்திரத்தில் ஓர் இரவு வைத்தால் பெரும்பாலும் போய்விடும், அவசரமென்றால் கரி பில்டர் ஒன்று போதும். இலங்கைத் தரநிலை 614 குடிநீருக்குச் சொல்லும் ரி.டி.எஸ். எல்லையே ஐந்நூறு. இந்தியாவில் 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், ஐந்நூறுக்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. இயந்திரத்தைத் தடுக்க வேண்டும் என்றே சொன்னது. ஒரு லீற்றர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லீற்றரை வெளியே ஊற்றுகிற சாமான் அது. மாமா வீட்டில் அந்தக் கழிவுக் குழாய் எங்கே போய் விழுகிறது தெரியுமா? கிணற்றடி வாழைக்கு.

அந்தக் குளம் கிடக்கும் உன்னிச்சைப் பக்கம் போய் இதையெல்லாம் பேசினால் அடிதான் விழும். வாவியின் மறுகரையான படுவான்கரையில் கோடை வந்தால் பவுசருக்காகக் குடத்தோடு நிற்கும் ஊர்கள் உண்டு. அந்த வரிசையில் நிற்கிற பெண்ணிடம் ரி.டி.எஸ். எவ்வளவு என்று கேட்கும் துணிச்சல் மாமாவுக்கே கிடையாது. தண்ணீர் விசயத்தில் இந்த மாவட்டம் ரோசமுள்ளது. 2018இல் புல்லுமலையில் போத்தல் தண்ணீர்த் தொழிற்சாலை கட்டப் போனபோது கடையடைத்து ஹர்த்தால் செய்த ஊர் இது.

இயந்திரம் வீட்டுக்கு வந்த கதை தனி. ஒரு பின்னேரம் கழுத்துப்பட்டி கட்டிய பெடியன் ஒருவன் விறாந்தையில் இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைத்தான். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் தான் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கிக் கரண்டைக் கொடுத்தான். ஒரு நிமிசத்தில் கிணற்றுத் தண்ணீர் மண்ணிறமாகி, நுரைத்து, அடியில் சேறு படிந்தது. மற்றது பளிங்கு மாதிரி அப்படியே நின்றது. "சேர், இவ்வளவு நாளும் நீங்க குடிச்ச ஊத்தை இதுதான்" என்றான். பிறகு மதவாச்சி, பதவியா என்று வடமத்திய மாகாணத்து ஊர்ப் பெயர்களைச் சொல்லி, சிறுநீரக நோயைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசினான். அந்த நோய் உண்மை. தொண்ணூறுகளிலிருந்து அங்கே விவசாயிகளைத் தின்று வருகிறது, காரணம் இன்னும் தெரிந்த பாடில்லை. அவன் காட்டிய ஊத்தைதான் பொய்.

அதைக் கண்டுபிடித்தவள் ஏ.எல். படிக்கும் மூத்த பேத்தி. பெடியன் காசை எண்ணிப் பைக்குள் வைக்கும் நேரத்தில், குசினியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பைக் கொண்டுவந்து பளிங்குத் தண்ணீருக்குள் போட்டாள். "இப்ப கம்பிய வையுங்க அண்ணா."

அதுவும் மண்ணிறமானது. "அது கம்பியிட கறள், அம்மப்பா. இரும்பு கரைஞ்சு வருது. தண்ணியில உப்பிருந்தா கரண்ட் பாயும், கறள் வரும். மற்றதில உப்பில்ல, கரண்ட் பாயல்ல, அவ்வளவுதான்."

பெடியன் மோட்டார் சைக்கிளை உதைத்தான். மாமா இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பன்னிரண்டு என்ற எண்ணை அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

கோடையில் மருமகனின் உறவுக்காரர் செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தபோது நடந்ததும் இதே கதைதான். பழக்க தோசத்தில் மீற்றர் இளநீருக்குள் இறங்கியது. எண் ஆயிரங்களில் போய் நின்றது. லீற்றருக்கு இரண்டு கிராம் அளவில் பொற்றாசியம் கரைந்திருக்கும் பானத்தில் வேறு என்ன வரும்? மாமா இளநீரைப் பார்த்தார், மீற்றரைப் பார்த்தார், உறவுக்காரரைப் பார்த்தார். மீற்றரை வேட்டியில் துடைத்தார். "பெட்டரி இறங்கிப் போச்சு போல" என்றுவிட்டு ஒரே மூச்சில் குடித்தார்.

மாரி வந்தது. வளவில் முழங்கால் வெள்ளம். கிணறும் குழியும் இரண்டு நாள் ஒரே குளமாகக் கிடந்தன. வெள்ளம் வடிந்த பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பி.எச்.ஐ., வந்தார். மாமா வாசலிலேயே மறித்து, கிணற்றுத் தண்ணீரை அளந்து காட்டினார். மழைத் தண்ணீர் கலந்ததில் எண் வெகுவாக இறங்கியிருந்தது: இருநூற்றிப் பத்து. "பார்த்தீங்களா சேர், இந்த வருசந்தான் கிணறு சுத்தம்." பி.எச்.ஐ. சிரிக்கவில்லை. கிருமி நீக்கிய போத்தலில் தண்ணீர் எடுத்து ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். இன்னொரு போத்தல் இரசாயனப் பரிசோதனைக்கு. பிறகு இளைய மகளின் குழியிலிருந்து கிணறு வரை காலடி வைத்து நடந்தார். இருபத்திரண்டு அடி. "ஐம்பதாவது இருக்க வேணும், ஐயா."

முடிவு வந்தது. நூறு மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாத ஈ-கோலை பற்றீரியா இருந்தது. நைத்திரேற்று, லீற்றருக்கு ஐம்பது மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. மாமா கடதாசியை மூன்று தரம் படித்தார். "மீற்றர் இருநூத்திப் பத்துத்தானே காட்டினது?"

"பூச்சிக்குக் கரண்ட் பாயாது, ஐயா" என்றார் பி.எச்.ஐ. "நைத்திரேற்று அந்த இருநூத்திப் பத்துக்குள்ளதான் கிடக்கு. எது எவ்வளவெண்டு அது பிரிச்சுச் சொல்லாது. கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணியில மாப்பால் கரைக்க வேணாம். இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக ஏலாமப் பிள்ளை நீலம் பூக்கும்."

குசினி வாசலில் நின்ற மாமியின் கை கேத்தலில் இருந்தது. கொதித்ததில் பூச்சி செத்திருக்கும், நைத்திரேற்று செத்திருக்காது. நைத்திரேற்றைப் பெருமளவில் பிடிக்கக்கூடிய சாமான் அந்த வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று: உப்புக்குப் பயந்து, கறளைப் பார்த்து ஏமாந்து, எண்ணுக்கு ஆசைப்பட்டு மாமா வாங்கி மாட்டிய அதே ஆர்.ஓ. நாலு மாதக் குழந்தைக்குத் தேவையான நேரத்தில் அது சரியான இயந்திரமாகத்தான் நின்றது. மாமா வெற்றிச் சிரிப்புக்கு வாயைத் திறந்தார். "குழாய்த் தண்ணியப் பூமரத்துக்கு விடாம இருந்தா இந்த மிசினும் தேவைப்பட்டிருக்காது" என்றாள் பேத்தி. வாய் மூடிக்கொண்டது.

இப்போது குழாய் மறுகாவும் குசினிக்குள் வந்துவிட்டது. கிணறு குளிக்கவும் துவைக்கவும். மீற்றர் இன்னும் சட்டைப் பையில்தான். பென்சன்காரரை அப்படி ஒரேயடியாகத் திருத்த முடியாது. ஆனால் மற்றப் பையில் புதிதாக ஓர் அளவு நாடா ஏறியிருக்கிறது. போன கிழமை நாவற்குடாவில் ஒரு சாமத்திய வீட்டில், விருந்தினர் பார்த்திருக்க, கக்கூசுக்குப் பின்னால் குந்தியிருந்து நாடாவை இழுத்துக்கொண்டிருந்தார். உங்கள் வளவுக்கும் வருவார். தேத்தண்ணியை அவர் வரமுன் குடித்து முடித்துவிடுங்கள். நாடாவின் மற்ற நுனியை மட்டும் கொஞ்சம் பிடித்துக் கொடுங்கள்.