கடவுள் காலி செய்த வீடு

கேள்வி: கடவுள் நம்பிக்கை குறைந்தால் சமூகம் கெட்டுப்போகுமா?

பதில்: ‘கடவுள் இறந்துவிட்டார்’ என்று 1882-லேயே எழுதிவிட்டார் ஜெர்மன் தத்துவவாதி நீட்சே. போதகரின் மகன்! (வாத்தியார் பிள்ளை மக்கு.) அந்தச் சாவுச் செய்தியைச் சொல்பவன் ஒரு பைத்தியக்காரன், பட்டப்பகலில் விளக்கோடு சந்தையில் கத்துகிறான். கேட்டுச் சிரிப்பவர்கள் நாத்திகர்கள். ‘இழவு வீட்டில் என்ன சிரிப்பு, இனி நல்லது கெட்டதுக்கு யாரைக் கேட்பீர்கள்?’ என்பதுதான் நீட்சேயின் கவலை.

அந்தக் கவலை பலித்ததா? நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 13-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று 2006 முதல் புத்தகக் கடை. பலிபீடப் பக்கம் காபி. மேசைகூடச் சிலுவை வடிவம். நாடு ஒன்றும் குட்டிச்சுவராகிவிடவில்லை. பாவமன்னிப்பு கொடுக்கத்தான் ஆளில்லை. அந்த வேலையை இப்போது மனநல ஆலோசகர் பார்க்கிறார், மணிக்கணக்கில் பில் போட்டு.