கேசட்டை ஊதுதல்: ஒரு சாஸ்திர விசாரணை

உலகத்தில் மனிதர் ஊதும் வஸ்துக்கள் பல. சங்கை ஊதுகிறோம், நாகசுரத்தை ஊதுகிறோம், ஈர விறகை ஊதுகிறோம், கொதிக்கும் காப்பியையும், கண்ணில் விழுந்த தூசியையும், சிராய்த்துக்கொண்டு வந்த குழந்தையின் முழங்காலையும் ஊதுகிறோம். இவற்றுள் நாகசுரத்துக்கு இலக்கணமும் குரு பரம்பரையும் உண்டு. அடுப்புக்கோ ஊதுகுழல் என்று தனிக் கருவியே உண்டு. ஆனால் 1990களில் நம் நாட்டுச் சிறுவர் சிறுமியர், பள்ளி விட்டு வந்து சீருடையைக்கூடக் களையாமல், டிவி கேம் கேசட்டின் அடிவாயில் உதடு பொருத்தி, கன்னம் உப்ப, கண் மூடி, ஊர்தோறும் தெருதோறும் ஊதினார்களே, அந்த ஊதலுக்கு மட்டும் இன்றுவரை ஒரு நூற்பாவும் செய்யப்படவில்லை என்பது நம் புலவர் உலகம் நாணத்தக்க குறையேயாகும். அக்குறையைச் சிறிதளவேனும் நிவர்த்திக்க வேண்டும் என்னும் அவாவினாலும், அக்கலையில் அடியேனுக்கு ஏறக்குறைய ஒன்பது வருஷ காலம் நேரடி அப்பியாசம் உண்டு என்னும் துணிவினாலும், இவ்விசாரணையைத் தொடங்குகிறேன்.

முதலில் வஸ்து நிர்ணயம். ஜப்பானில் 1983ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி நிண்டெண்டோ நிறுவனத்தார் ‘ஃபேமிகாம்’ என்றொரு பெட்டியை வெளியிட்டனர். அதனை வடிவமைத்த குழுவின் தலைவர் மசாயுகி உவெமுரா என்னும் பொறியாளர். அப்பெட்டி ஜப்பானிய உருவத்தோடும் பெயரோடும் நம் ஊருக்கு வந்து சேர்ந்ததோ என்றால், இல்லை. அதன் நகல்களும், நகல்களின் நகல்களும், ஒவ்வொன்றும் வெவ்வேறு நாமதேயம் தரித்து, சென்னை பர்மா பஜாரிலும் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் இறங்கி, அங்கிருந்து சித்தப்பாக்கள், மாமாக்கள் ஆகியோரின் தோல்பையில் ஏறி, வெளியூர் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. பெட்டியின் தலையில் ஒரு பிளவு. அப்பிளவில் செருகுவதற்கு மஞ்சளாகவோ கறுப்பாகவோ ஒரு கேசட். கேசட்டின் அடியில் பலகை ஒன்றின் விளிம்பில் 60 செம்புப் பற்கள். அறுபதும் பெட்டிக்குள் இருக்கும் அறுபது முள்களைத் தவறாமல் தொட்டால்தான் உள்ளிருக்கும் மூளை கேசட்டில் எழுதியுள்ளதைப் பிழையறப் படிக்கும். முக்கியமான ஒரு பல் தொடாமற்போனாலும் அம்மூளை, ஓர் எழுத்து விடுபட்ட ஓலையைப் படிக்கும் வித்துவானைப்போல, வாய்க்கு வந்ததைப் படிக்கத் தொடங்கிவிடும். திரையில் மாரியோ வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறமோ, மார்கழிக் கோலத்தின்மீது மழை பெய்தாற்போன்ற கட்டங்களோ வந்து நிற்கும். அந்தக் கணத்தில்தான் கேசட்டைப் பிடுங்கி ஊதவேண்டும் என்பது விதி.

ஊதும் முறையில் பல சம்பிரதாயங்கள் இருந்தன. பல் வரிசையின் இடக்கோடியில் தொடங்கி வலக்கோடிவரை மௌத் ஆர்கன் வாசிப்பதுபோல் உதட்டை நகர்த்திக்கொண்டே ஊதுவோர் ஒரு சாரார். நடுவில் ஒரே மூச்சாக, தீபாவளி ராக்கெட் கிளம்பும் ஓசையோடு ஊதி முடிப்போர் மற்றொரு சாரார். எங்கள் தெருவில் மூன்றாவதாக ஒரு கட்சியும் இருந்தது. இவர்கள் கேசட்டை ஊதியபின் பெட்டியின் பிளவுக்குள்ளும் ஊதுவார்கள், ஏனெனில் நோய் இருபக்கத்தும் இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். பனியன் நுனியால் துடைத்தவர்களை மற்ற மூவரும் சமமாக இகழ்ந்தனர். எந்தக் கேசட்டை எவன் ஊதினால் ஓடும் என்பதற்கும் கணக்கு உண்டு. ‘காண்ட்ரா’ வரவில்லையென்றால் எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிடுவார்கள். அவன் கைராசிக்காரன், இல்லை, வாய்ராசிக்காரன் என்று பெயரெடுத்திருந்தான். அந்த ஒரு தகுதியினாலேயே அவனுக்கு எந்த வீட்டிலும் முதல் ஆட்டம் கிடைத்தது.

இனிப் பூர்வபட்சம். ஊதினால் கேசட் ஓடும் என்பார் காட்டும் பிரமாணம் பிரத்தியட்சம். “ஓடவில்லை, எடுத்தோம், ஊதினோம், போட்டோம், ஓடியது. கண்ணால் கண்டபின் வேறு சாட்சி எதற்கு?” என்பர். கேட்பதற்கு இவ்வாதம் மலைபோல் நிற்கிறது. ஆனால் இந்த நான்கு கிரியைகளில் ‘எடுத்தோம்’, ‘போட்டோம்’ என்னும் இரண்டையும் எவரும் பொருட்படுத்தவில்லை என்பதை உற்றுநோக்குக. கேசட்டை எடுத்து மறுபடி செருகும்போது பற்களும் முள்களும் ஒன்றையொன்று உராய்கின்றன. அவ்வுராய்வில் மேலே படிந்த களிம்பு சற்றே கீறப்பட்டு விலகுகிறது. முன்னர்க் கோணலாக அமர்ந்த பலகை இம்முறை நேராக அமர்கிறது. கேசட் ஓடியதற்குக் காரணம் அதுவே. ஊதாமல் எடுத்துப் போட்டிருந்தாலும் ஓடியிருக்கும். ஆனால் ஊதாமல் எடுத்துப் போட்ட சிறுவன் எவனும் நான் அறிந்தவரையில் பிறக்கவில்லையாதலால், அந்த எதிர்மறைச் சோதனை நடைபெறாமலே ஒரு தலைமுறை வளர்ந்து, வேலைக்குப் போய், மீசையும் நரைத்துவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த இக்கதையை நம் தருக்க நூலார் காகதாளீய நியாயம் என்று அன்றே பெயரிட்டு வைத்தார்கள். நாங்கள் அந்தக் காக்கைக்குத்தான் முதல் ஆட்டம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று என்பது சற்று ஆறுதல் தரும். அமெரிக்காவில் 1983இல் வீடியோ கேம் வியாபாரமே படுத்துவிட்டபடியால், விளையாட்டுப் பெட்டி என்ற பேச்சை எடுத்தாலே கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆகவே 1985இல் அங்கே தம் பெட்டியை இறக்கிய நிண்டெண்டோவினர், அதற்கு விசிஆரின் வேஷம் போட்டு, கேசட்டை முன்வாசல் வழியே தள்ளிக் கீழே அமுக்கும்படி அமைத்தனர். பற்களும் 72 ஆயின. நாளடைவில் அமுக்கி அமுக்கி முள்கள் தளர்ந்துபோயின. போதாக்குறைக்கு, அசல் கேசட்டா என்று சோதிக்கும் காவல்காரச் சில்லு ஒன்றும் உள்ளே இருந்தது. கேசட்டிலுள்ள தன் ஜோடிச் சில்லோடு அதற்குப் பேச்சு சரியாக நடக்கவில்லையென்றால் நொடிக்கொரு முறை பெட்டியை அணைத்து எழுப்பிக்கொண்டே இருக்கும். திரை கண் சிமிட்டுவதைக் கண்ட அமெரிக்கச் சிறுவர், நம்மை ஒரு வார்த்தை கேளாமலே, தாமும் கேசட்டை வாயில் வைத்து ஊதினார்கள். கடல் கடந்த இந்த ஒற்றுமையை ஒப்பியல் அறிஞர்கள் ஆராய்வார்களாக. ஆகமப் பிரமாணம் வேண்டுவோர்க்கு, மூச்சின் ஈரம் முள்களை அரிக்கும், ஊதாதீர் என்று நிண்டெண்டோ நிறுவனமே எச்சரித்துள்ளது என்பதைச் சொல்லிவைக்கிறேன். இந்த வாக்கியம் பர்மா பஜார்ப் பெட்டிகளோடு வந்த சீன எழுத்துத் தாளில் இருந்திருக்குமாயினும், அதைப் படிக்க எங்கள் தெருவில் ஆள் இல்லை.

காரணமற்ற ஒரு நம்பிக்கை இவ்வளவு எளிதாக வேரூன்றியதற்கு நம் மண்ணில் காரணம் இருந்தது. ஊதினால் சரியாகும் என்பதை எங்களுக்குக் கற்பித்தவர்கள் எங்கள் தாய்மார்களே. விழுந்தால் ஊதினார்கள், சுட்டுக்கொண்டால் ஊதினார்கள், இரவில் திடுக்கிட்டு அழுதால், மறுநாள் மாலை பள்ளிவாசல் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, தொழுகை முடிந்து வெளிவருபவரை ஓதி ஊதச் சொன்னார்கள். எந்தச் சாதி, எந்தச் சமயத்துக் குழந்தையாயினும் அந்த வாசலில் வரிசை ஒன்றே. கல்லில் கடவுளை எழுந்தருளச் செய்வதற்கே பிராணப் பிரதிஷ்டை என்று பெயர் வைத்த நாட்டில், பிளாஸ்டிக்கில் மாரியோவை எழுந்தருளச் செய்யப் பிராணனைச் செலுத்தியதில் வியப்பென்ன? இலக்கணம் பயின்றோர் இன்னும் எளிதாக ஒப்புக்கொள்வர்: மெய் தானே இயங்காது, உயிர் வந்து ஏறினால்தான் இயங்கும். (இந்த உவமையைத் தமிழாசிரியர் ஒருவரிடம் சொன்னேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.)

தாய்மார்கள் என்றதும் அவர்களுடைய எதிர்ச் சித்தாந்தம் ஒன்று நினைவுக்கு வருகிறது. டிவி கேம் ஆடினால் பிக்சர் டியூப் போய்விடும் என்பதே அது. வீட்டுக்கு வீடு இதே சொல், இதே தொனி; பக்கத்து ஊரில் யார் வீட்டிலோ போய்விட்டது என்னும் அதே சாட்சி. எங்கள் நம்பிக்கையையும் அவர்கள் நம்பிக்கையையும் துலாக்கோலில் நிறுத்தினால் முள் எப்பக்கமும் சாயாது என்றே கருதுகிறேன்.

கேசட்டின் மேல் ஒட்டிய சீட்டைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். ‘9999999 இன் 1’ என்று அதில் அச்சிட்டிருக்கும். ஒரு விளையாட்டுக்கு ஒரு நிமிஷம் வீதம் ஊணும் உறக்கமும் இன்றி ஆடினாலும் அத்தனையையும் ஆடி முடிக்க 19 வருஷத்துக்கு மேல் ஆகும் என்று நான் ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்திருக்கிறேன். பட்டியலைப் புரட்டத் தொடங்கினால் இரண்டாம் பக்கத்திலேயே குட்டு வெளிப்படும். உள்ளே இருப்பவை ஒருசில விளையாட்டுகளே. அவையே வேறு பெயர் பூண்டு, மூன்றாம் ஸ்டேஜிலிருந்து ஒரு முறை, ஐந்தாம் ஸ்டேஜிலிருந்து மறுமுறை, லைஃபைக் கூட்டி ஒரு முறை என்று மாறி மாறித் தோன்றும். ஒன்றே பலவாகத் தோன்றுவது மாயை என்னும் வேதாந்தத்தை அறுபது ரூபாய்க்குக் கற்பித்த இந்தக் கேசட்டுக்கு நாங்கள் போதிய மரியாதை செலுத்தவில்லை. ஏமாந்ததாகக்கூட நாங்கள் நினைக்கவில்லை என்பதுதான் விசேஷம். அடுத்த கேசட்டில் ஒன்பதுகள் ஒன்று கூடியிருக்கிறதா என்று மட்டுமே பார்த்தோம்.

மூச்சு பலிக்கவில்லை என்றேன். ஆனால் அதே பெட்டியில் மெய்யாகவே பலித்த மந்திரம் ஒன்று இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நடுநிலை தவறியவனாவேன். ‘காண்ட்ரா’வின் முகப்பு தோன்றும்போது மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று ஜாய்ஸ்டிக்கில் பிசகாமல் அழுத்திவிட்டுத் தொடங்கினால் மூன்று லைஃபுக்குப் பதில் 30 லைஃப் கிடைக்கும். இம்மந்திரத்தின் ரிஷி கஸுஹிசா ஹஷிமோட்டோ. கோனாமி நிறுவனத்தின் ‘கிரேடியஸ்’ விளையாட்டை வீட்டுப் பெட்டிக்கு மாற்றி 1986இல் வெளியிட்டபோது, தாமே ஆடிச் சோதித்துப் பார்க்கையில் அது அளவுக்கு மீறிக் கடினமாக இருக்கவே, தம் சௌகரியத்துக்காக இதை உள்ளே வைத்தார். பின்னர் அந்நிறுவனத்தின் பிற விளையாட்டுகளிலும் அது தொடர்ந்தது. காரணகாரியம் இரும்புபோல் இணைந்த இந்த மந்திரத்தை எங்களிற் பலர் வெறும் புரளி என்று நம்ப மறுத்தார்கள். காரணமே இல்லாத ஊதலை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. மனித அறிவின் வரலாற்றை எழுதுவோர் இந்த இடத்தில் சற்று நின்று போகலாம்.

இன்று இப்பொருள்களுக்குச் சந்தை வேறு உண்டாகிவிட்டது. 2021ஆம் ஆண்டு ஜூலையில் ‘சூப்பர் மாரியோ 64’ கேசட் ஒன்று, உறை பிரிக்காத நிலையில், அமெரிக்க ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அடுத்த மாதமே, 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ உறை பிரிக்காத பிரதி ஒன்று 20 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அந்த விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இடம் போதாமையால் வானத்து மேகத்தையே பச்சை வண்ணம் பூசித் தரையில் புதராக வைத்த சிக்கனக்காரர்களின் ஆக்கம். 20 லட்சம் கொடுத்தவர் வாங்கியது விளையாட்டை அன்று, ஏனெனில் அதை ஆடவே முடியாது. உறையைக் கிழித்த கணமே விலை பறந்துவிடும். அவர் வாங்கியது, ஒரு குழந்தையும் இதுவரை ஊதவில்லை என்னும் உத்தரவாதத்தை. எங்கள் வீட்டுக் கேசட்டில் அண்ணன், நான், தங்கை, எதிர்வீட்டு வாய்ராசிக்காரன், விடுமுறைக்கு வந்த அத்தை பிள்ளைகள் இருவர் ஆகிய அனைவருடைய மூச்சும் படிந்திருக்கிறது. இந்த அளவுகோலின்படி நாங்கள் அந்நாளில் ஒவ்வோர் ஊதலிலும் எத்தனை ஆயிரம் டாலரை ஊதித் தள்ளினோம் என்று கணக்கிட எனக்கு மனத்துணிவு இல்லை.

அந்தக் கேசட்டைச் சென்ற ஆண்டு பரண்மேல் டிரங்குப் பெட்டியில் கண்டெடுத்தேன். போட்டால் ஓடவில்லை. ஊதுவதற்குக் கை தானாக மேலெழுந்தது. கொள்கையை முன்னிட்டு அதை அடக்கிக்கொண்டு, பெட்டியும் கேசட்டுமாக ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். முப்பது வயதுக்கு உட்பட்ட இளைஞர். அவர் மூடியைக் கழற்றுவதற்குள், மேலே எழுதியவை அனைத்தையும், பூர்வபட்சம் சித்தாந்தம் உட்பட, அவருக்கு எடுத்துரைத்தேன். “சரிதான் சார்” என்று கேட்டுக்கொண்டே பலகையை வெளியே எடுத்தார். செம்புப் பற்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. “பாத்தீங்களா தம்பி, எல்லாம் நாங்க ஊதின ஈரம்” என்றேன் வெற்றியோடு. அவர் மறுமொழி சொல்லாமல், கம்ப்யூட்டர் ரேமைத் தேய்ப்பதற்கென்று வைத்திருந்த பென்சில் ரப்பரை எடுத்து, பல் பல்லாகத் தேய்த்தார். களிம்பு போய்ச் செம்பு மின்னியது. பலகையெங்கும் ரப்பர் தூள் கிடந்தது. அவர் அதை முகத்தருகே தூக்கி, இடக்கோடியில் தொடங்கி வலக்கோடிவரை, மௌத் ஆர்கன் சம்பிரதாயப்படி ஊதினார்.

“என்ன தம்பி, இவ்வளவு நேரம் நான் என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்?”

“அது வேற சார். இது ரப்பர் தூள்.”

கேசட்டைப் போட்டார், கடையிலிருந்த பழைய டிவியில் விளையாட்டு வந்தது. தேய்த்ததனால் வந்ததா, ஊதியதனால் வந்ததா என்பதை நிர்ணயிப்பதற்கு, தேய்த்துவிட்டு ஊதாமல் ஒரு முறை போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், அவர் ஒரு ஜாய்ஸ்டிக்கைத் தாம் எடுத்துக்கொண்டு மற்றதைக் கடைப் பையனிடம் நீட்டிவிட்டார்.