15 பிஎஸ்ஐயில் பாலைத்திணை: ஒரு கள ஆய்வு

ஆய்வின் தேவை

ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்க்கும் தமிழர்களில் ஒரு சாரார், வார விடுமுறையன்று விடியுமுன் எழுந்து, வழுவழுப்பான சாலைகளை வேண்டுமென்றே விட்டு விலகி, ஃபோர் வீல் வண்டிகளை மணலுக்குள் இறக்குகிறார்கள். வண்டி புதைகிறது. தோண்டி எடுக்கிறார்கள். மறுபடியும் புதைகிறது. மாலையில் காதிலும் மூக்கிலும் பர்ஸிலும் மணலோடு, மிக்க மகிழ்ச்சியாக வீடு திரும்பி, அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்கிறார்கள்.

இந்நடத்தையைப் பொருளியலால் விளக்க இயலாது. அதில் செலவுப் பக்கம் மட்டுமே உள்ளது. உளவியலால் விளக்கலாம், ஆனால் ஆய்வாளருக்கு அடுத்த முறை வண்டியில் இடம் கிடைக்காது. எஞ்சியிருப்பது திணைக் கோட்பாடு ஒன்றே. ஆகவே இக்கட்டுரை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற மரபான வரிசையில் செல்கிறது.

கருதுகோள் இது: ஐந்திணைக்கும் உரிய ஒழுக்கங்கள் அனைத்தும் ஒரே நாள் பயணத்தில் நிகழ்கின்றன. ஆனால் பாலைக்கே உரிய பிரிதல் மட்டும் பாலைவனத்தில் நிகழ்வதில்லை.

முதற்பொருள்: நிலம்

பாலைக்குத் தனி நிலம் கிடையாது; முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்பது சிலப்பதிகாரத்தின் துணிபு. அமீரகம், ஓமன், சவூதி அரேபியா, ஏமன் ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 6,50,000 சதுர கிலோமீட்டர் விரிந்து, ஐந்து தமிழ்நாட்டை உள்ளே வைத்துக்கொள்ளும் ரூப் அல் காலி பாலைவனத்துக்கு இது பொருந்துமா என்று ஐயுறலாம். பொருந்தும். அம்மணலுக்கிடையே பழைய ஏரிகளின் படுகைகள் இன்றும் கிடக்கின்றன. ஷார்ஜாவின் மலீஹா அருகே, வண்டிக்காரர்கள் ‘ஃபாஸில் ராக்’ என்றழைக்கும் குன்றில், கிரெட்டேசியக் காலக் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் உள்ளன. இளங்கோவடிகள் அங்கே வந்திருந்தால், இயல்பு கெடும் நிலங்களின் பட்டியலில் நெய்தலையும் சேர்த்திருப்பார்.

மணல் மேட்டுக்கு இரண்டு பக்கம். காற்று வரும் பக்கம் சரிவு குறைவு, மணல் இறுக்கம். காற்று ஒதுங்கும் பக்கம் செங்குத்து, மணல் பொலபொலப்பு. இவ்வேறுபாட்டை அறிவியலாக்கியவர் ரால்ஃப் பேக்னல்ட். எகிப்தில் பணியாற்றிய இந்தப் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர், 1920களில் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் சக அதிகாரிகளோடு ஃபோர்டு மாடல் டி கார்களில் பாலைவனத்துக்குப் போனார். புதைந்தார். டயரில் காற்றைக் குறைத்தார். சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு கொடுத்தார். பின்னர் லண்டனில் காற்றுச் சுரங்கம் அமைத்து, மணல் எப்படிப் பறக்கிறது என்று ஆராய்ந்து, 1941இல் வெளியிட்ட நூல் இன்று செவ்வாய்க் கிரகத்து மணல் மேடுகளை ஆராய்வோருக்கும் அடிப்படை. நண்பர்களோடு புதைவது வீண்வேலை என்போருக்கு இதுவே விடை.

உலர்ந்த மணல் ஏறத்தாழ 34 பாகைக்கு மேல் நிற்காது, சரிந்துவிடும். அமீரகத்தின் லிவாவில் சுமார் 300 மீட்டர் உயர்ந்து நிற்கும் தெல் மொரீப் மேட்டின் சரிவோ 50 பாகை என்று விளம்பரங்கள் கூறும். மிச்சமுள்ள 16 பாகை, ஏறிப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்லிச் சொல்லிச் சேர்த்ததென்பது இவ்வாய்வின் முடிபு.

முதற்பொருள்: பொழுது

பாலைக்குச் சிறுபொழுது நண்பகல். பெரும்பொழுது வேனில், அத்தோடு பின்பனியும் உண்டென்பார் தொல்காப்பியர். அமீரகத்து வேனிலில் மணலின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்போது மணலுக்குள் போகிறவர்கள் இவ்வாய்வின் எல்லைக்குள் மட்டுமல்ல, வேறெந்த எல்லைக்குள்ளும் வருவதில்லை. நவம்பர் முதல் மார்ச் வரைதான் பருவம். பாலையில் பின்பனிக்கு என்ன வேலை என்று வகுப்பில் கேட்ட மாணவர்களுக்கு இப்போது பதில் கிடைத்திருக்கும்.

நண்பகலை விலக்குவதற்கும் காரணம் உண்டு. சூரியன் உச்சிக்கு வந்துவிட்டால் மேட்டுக்கு நிழல் இல்லை. நிழல் இல்லாவிட்டால் மேடும் பள்ளமும் ஒரே தகடாகத் தெரியும். அதிகாலையில் நிழல் நீளம்; பனி இறங்கிய மணலும் சற்று இறுகியிருக்கும். விடியுமுன் எழ வேண்டிய கட்டாயம் இதனால்தான். கிழமையைப் பொறுத்தவரை, முன்பு வெள்ளி. 2022 ஜனவரியில் அமீரகம் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியபின் பலருக்குச் சனி. திணை இலக்கணத்தில் அரசாணை புகுந்த இடம் இது.

கருப்பொருள்

மரம்: ‘காஃப்’. 2008 முதல் அமீரகத்தின் தேசிய மரம். இது வேறொன்றுமில்லை, நம் வன்னி. விருத்தாசலத்தில் தலவிருட்சமாகச் சுற்றிவந்து கும்பிட்டவர்கள் இங்கே அதன் நிழலில் பிரியாணி பிரிக்கிறார்கள். செடி: எருக்கு.

விலங்கு: ஒட்டகம். ஆளில்லாமல் திரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு; ஆகவே வண்டிதான் ஒதுங்க வேண்டும். பிரிட்டிஷ் பயணி வில்ஃபிரெட் தெசிகர் 1940களில் ரூப் அல் காலியை இரண்டு முறை கடந்தது ஒட்டகத்தில்தான். மோட்டார் வண்டியே அவருக்குப் பிடிக்காது. இந்தச் செய்தியைப் பயணத்தின்போது பேட்ரோல் வண்டி வைத்திருப்பவரிடம் சொல்லக் கூடாது.

ஊர்தி: லேண்ட் குரூசர், பேட்ரோல், ராங்லர், பஜேரோ. இவற்றுள் எது சிறந்தது என்பது சைவ வைணவ வாதத்தின் தற்கால வடிவமாதலின் இவண் தவிர்க்கப்படுகிறது. பறை: வாக்கி டாக்கி. உணவு: பிரியாணியும் கரக் சாயாவும். தெய்வம்: முன்னால் செல்லும் லீட் டிரைவர். கொற்றவைக்குரிய அச்சமும் பலியும் இவருக்கும் உண்டு. பலி பெரும்பாலும் லெக் பீஸ்.

காற்றியல்

சாலையில் 35 பிஎஸ்ஐ வைத்திருந்த டயரை, மணலுக்குள் இறங்குமுன் 15க்குக் கொண்டுவருவார்கள். 2,500 கிலோ வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 35 பிஎஸ்ஐயில் ஒவ்வொரு டயரும் சுமார் 250 சதுர சென்டிமீட்டர் தரையைத் தொடும். 15இல் சுமார் 590. தொடும் இடம் இரு மடங்குக்கு மேல் கூடுகிறது. டயர் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் படிகிறது. அழுத்தம் பரவுவதால் வண்டி மணல்மேல் நிற்கிறது. மணலில் முன்னேற முதல் தகுதி, உள்ளே இருக்கும் காற்றைக் குறைத்துக்கொள்வது. இது ஓட்டுநருக்கும் பொருந்தும் என்று தெரிந்தும் எவரும் சொல்வதில்லை.

சிக்கல்: வகையும் தொகையும்

முகட்டுச் சிக்கல்: உச்சிக்கு வந்ததும் அப்பால் என்ன இருக்கிறதோ என்ற பயத்தில் காலை எடுப்பதால் வருவது. வண்டி வயிற்றால் முகட்டில் படுத்து, சக்கரங்கள் பிடிமானமின்றி நிற்கும். பயமே இல்லாதவர் முகட்டைத் தாண்டிப் பறப்பார். அது மருத்துவத் துறைக்குரியது.

குழிச் சிக்கல்: நாற்புறமும் மேடுள்ள பள்ளத்தில் வேகம் போதாமல் வருவது.

பிதுங்கல்: காற்றை மிகக் குறைத்துவிட்டுச் சட்டென்று வளைத்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். இதைப் ‘பாப் அவுட்’ என்பர்.

சப்காச் சிக்கல்: உப்புப் படிந்த சமவெளி. மேலே பாலில் ஆடை படிந்ததுபோல் இறுகி, கீழே சேறாக இருக்கும். நால்வகையிலும் கொடியது இதுவே.

மணலில் புதைந்தவர் செய்யவேண்டிய முதல் காரியம் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. சுற்றும் சக்கரம் தோண்டும். ஆனால் கள ஆய்வில், “மாப்ள, இன்னும் கொஞ்சம் மிதி, வந்துரும்!” என்று சொல்ல ஒருவராவது இல்லாத குழு காணப்படவில்லை. சொல்பவர் வண்டிக்கு வெளியே நிற்பார் என்பது மாறா விதி. அதன்பின் மண்வெட்டி, இன்னும் கொஞ்சம் காற்றிறக்கம், வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுத்துப் பார்த்தல், கடைசியாகக் கயிறு. கயிற்றை டிரெய்லர் கோக்கும் குண்டில் மாட்டக் கூடாது. அது தெறித்தால் ஆளைக் கொல்லும். இந்த ஒரு வாக்கியத்தில் நகைச்சுவை இல்லை.

உரிப்பொருள்

குறிஞ்சிக்குரியது புணர்தல்: விடியற்காலை பெட்ரோல் பங்கில் எல்லோரும் கூடுவது. முல்லைக்குரியது இருத்தல்: அங்கேயே, “கெளம்பிட்டேன் மச்சான், அஞ்சே நிமிஷம்” என்று போனில் சொல்லும் ஒருவருக்காகக் காத்திருப்பது. அவர் குரலுக்குப் பின்னால் ஷவர் சத்தம் கேட்கும். நெய்தலுக்குரியது இரங்கல்: சப்காவில் நிகழும், உப்பு நிலமாதலின் நிலமும் ஒழுக்கமும் பொருந்தி வருகின்றன.

மருதத்துக்குரிய ஊடல் தொலைபேசி வழியே நடைபெறும். சங்கத் தலைவன் பொருள்தேடிப் பாலையைக் கடந்து போனான். இன்றைய தலைவனோ கடக்கவில்லை. பாலையிலேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டான். தலைவி கும்பகோணத்தில். அவள் கையில் லைவ் லொகேஷன்.

“என்னங்க, ஒரு மணி நேரமா புள்ளி அங்கேயே நிக்குது?”

“டீ குடிச்சிட்டிருக்கோம்மா.”

“வெட்டுற சத்தம் கேக்குதே?”

இதற்குத் தலைவன் தந்த விடை காற்றில் சரியாகக் கேட்கவில்லை.

பிரிதல் எங்கே? இக்குழுக்களின் முதல் விதி, ஒற்றை வண்டியாக மணலுக்குள் போகாதே என்பது. இரண்டாவது, உனக்குப் பின்னால் வரும் வண்டி உன் பொறுப்பு என்பது. கண்ணாடியில் அது மறைந்தால் நீ நிற்க வேண்டும். நீ நின்றால் முன்னால் போகிறவர் நிற்பார். கடைசியில் லீட் வண்டியே நிற்கும். எவர் புதைந்தாலும் எல்லோரும் இறங்கித்தான் தீர வேண்டும். எவருமே புதையாத பயணத்தைப் பற்றி ஒரு மாதம் கழித்து விசாரித்தால், போன இடம்கூடப் பலருக்கு நினைவில்லை. யாராவது புதைந்த பயணத்தில் எந்த மேடு, எத்தனை மணி, யார் தோண்டாமல் வீடியோ எடுத்தார் என்பது வரை தெரிகிறது.

முடிவுரை

ஆக, மணலில் பிரிவுக்கு வழியில்லை. மாலையில் தார்ச்சாலை ஏறியதும் டயரில் காற்றை நிரப்பியாக வேண்டும். குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். 35 பிஎஸ்ஐ வந்த வண்டிக்கு வேறு யாரும் தேவையில்லை. ஒன்று அபுதாபிக்கு, ஒன்று ஷார்ஜாவுக்கு, ஒன்று ஜெபல் அலிக்கு. எனவே பாலைத்திணையின் உண்மையான நிலம் மணல் அன்று, பெட்ரோல் நிலையத்தில் காற்றடிக்கும் இடமே என்று நிறுவப்படுகிறது.

நிறைவாக ஒரு பரிந்துரை: திரும்பும் வழியில், காற்றடிக்கும் குழாய் ஒன்றே ஒன்று உள்ள நிலையத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். அது மெதுவாக வேலை செய்வதாக இருந்தால் மிக நன்று. எட்டு வண்டி வரிசையில் நின்றால் இன்னொரு சுற்று சாயா குடிக்கலாம்.