பயாஸில் கை வைக்கலாமா?

கே: ‘ஒழுங்காக ஓடுகிற கம்ப்யூட்டரின் பயாஸைத் தொடாதே’ என்கிறார் கடைக்காரர். ‘உடனே அப்டேட் பண்ணுங்க’ என்கிறான் மைத்துனன். யார் பேச்சைக் கேட்பது?

ப: முதலில் ப்ராசஸர் எது என்று பாருங்கள். இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ஐ7, ஐ9, அல்லது 13600கே, 14600கே போன்ற ஐ5 என்றால் மைத்துனன் சொல்வதுதான் சரி. கசந்தாலும் ஒத்துக்கொள்ளுங்கள். 12ஆம் தலைமுறை என்றால் இந்தக் கோளாறே இல்லை, வெற்றி கடைக்காரருக்கு.

கே: அப்படி என்னதான் கோளாறு?

ப: பேராசை. எவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்று ப்ராசஸர்தான் மதர்போர்டிடம் கேட்டு வாங்கும். இந்த 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் தேவைக்கு மேல் கேட்டன. மதர்போர்டும் தாராளமாகக் கொடுத்தது. அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்து உள்ளே க்ளாக் சர்க்யூட்டை மெல்ல மெல்லக் கெடுத்தன. கேம் பாதியில் மூடிக்கொள்ளும். ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று எரர் வரும். ஒரு பாவமும் அறியாத கிராபிக்ஸ் கார்டு திட்டு வாங்கும். 2024 ஆகஸ்டில் வந்த ‘129’ மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் மென்பொருள்), 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதே என்று கடிவாளம் போட்டது. செப்டம்பரில் ‘12பி’, 2025 மே மாதம் ‘12எஃப்’ என்று அடுத்தடுத்து வந்தன. இவை பயாஸ் அப்டேட்டில் சேர்ந்தே வருகின்றன.

கே: என் 14900கே ஏற்கெனவே தினமும் கிராஷ் ஆகிறது. அப்டேட் செய்தால் குணமாகுமா?

ப: ஆகாது. அப்டேட் தடுப்பூசிதான், மருந்து அல்ல. கெட்ட சில்லு கெட்டதுதான். ஆனால் பெட்டியோடு வாங்கிய இந்த வகை ப்ராசஸர்களுக்கு இன்டெல் வாரண்டியை 2 ஆண்டு நீட்டி 5 ஆண்டாக்கியிருக்கிறது. பயாஸைத் தேடுவதை விட்டு பில்லைத் தேடுங்கள்.

கே: அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால்?

ப: மதர்போர்டு மறுபடி எழுந்திருக்காமலே போகலாம். யூபிஎஸ் இல்லாமல் இறங்காதீர்கள். உங்கள் போர்டின் அதே மாடலுக்கான ஃபைலை, தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். ஃபேட்32 ஃபார்மேட் செய்த பென் டிரைவில் போடுங்கள். பிட்லாக்கர் இருந்தால் அதன் ரெக்கவரி கீயை முன்னதாகவே எழுதி வையுங்கள். முடிந்ததும் ‘இன்டெல் டிஃபால்ட்’ செட்டிங்கைத் தேர்ந்தெடுங்கள். ‘பயாஸ் ஃப்ளாஷ்பேக்’ பட்டன் உள்ள போர்டு என்றால், சொதப்பினாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

கே: நான் ஏஎம்டி கட்சி. நிம்மதியாகத் தூங்கலாமா?

ப: 2023இல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சாக்கெட்டோடு கருகியபோது உங்கள் கட்சியும் தூங்கவில்லை. அங்கும் எஸ்ஓசி வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்குள் கட்டிப்போட்டது பயாஸ் அப்டேட்தான். அதற்கு முந்தைய பயாஸ் இன்னும் ஓடுகிறது என்றால் மாற்றிவிட்டுத் தூங்குங்கள்.

கே: அப்படியானால் புது பயாஸ் வரும்போதெல்லாம் போட வேண்டுமா?

ப: வேண்டாம். கூடவே வரும் குறிப்பைப் படியுங்கள். மைக்ரோகோட், வோல்டேஜ், பாதுகாப்பு ஓட்டை என்று இருந்தால் போடுங்கள். புது ப்ராசஸருக்கு ஆதரவு என்று மட்டும் இருந்தால், அதை வாங்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம். பீட்டா என்றால் அவசரக்காரர்கள் முதலில் போட்டுப் பார்க்கட்டும். ஆனால் 13, 14 வைத்திருப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள். கிராஷ் ஆரம்பித்த பிறகு போடுகிற அப்டேட் கெட்டுப்போன சில்லைச் சரிசெய்யாது.