லண்டன் கிங்ஸ்பரியில் 'ஃபேமிலி மேன்' பற்றிக் கருத்துச் சொல்ல விரும்புவோருக்கு

முதலில், தொடரைப் பார்க்காதீர்கள். பார்த்தால் கருத்துக் குழம்பிவிடும். 'தி ஃபேமிலி மேன்' இரண்டாம் பாகத்தின் முன்னோட்டம் 2021 மே 19இல் வந்தது. முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்கு மறுநாள். ஏற்றிய விளக்கின் திரி கருகிக் கிடக்கும் வீட்டுக்குள் நடிகை சமந்தா ஈழப் போராளியாக வந்து நின்றால், ஒன்பது அத்தியாயமும் வரட்டும் என்று யார் காத்திருப்பார்? வைகோவும் சீமானும் கண்டித்தார்கள். அப்போதைய தமிழக அமைச்சர் மனோ தங்கராஜ் தடை கேட்டு அப்போதைய ஒன்றிய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்குக் கடிதம் எழுதினார். ஜூன் 4இல் தொடர் வெளியானபோது கிங்ஸ்பரியில் கருத்துகள் பழுத்து உதிரத் தொடங்கியிருந்தன.

பார்த்தே தீருவேன் என்பவர்கள் பார்க்கலாம், ஒப்புக்கொள்ளத்தான் கூடாது. "மகன்தான் போட்டவன். நான் அந்தப் பக்கத்தாலை போகேக்கை கொஞ்சம் கண்ணிலை பட்டது" என்பதே இங்கு செல்லுபடியாகும் வாக்குமூலம். ஒன்பது அத்தியாயமும் அந்தப் பக்கத்தால் போனவர்கள் எத்தனையோ பேர்.

அடுத்தது இடம். கிங்ஸ்பரி ரோட்டில் 183 பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது வாய் திறக்காதீர்கள், பின்னால் நிற்பவர் உங்கள் மச்சானின் மச்சானாக இருப்பார். ரோ கிரீன் பூங்கா உகந்தது. அங்குள்ள கிங்ஸ்பரி மேனரின் வண்டிக் கொட்டகையில்தான் ஜான் லோகி பெயர்டின் ஆட்கள் 1929இல் பெர்லினிலிருந்து வந்த தொலைக்காட்சி அலைகளைப் பிடித்தார்கள். வெளிநாட்டுப் படத்தை வீட்டுக்குள் இழுத்துவிட்டுக் குழம்புவது இந்த ஊரில் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

தேத்தண்ணிக் கடைதான் என்றால் 'வன்முறை அதிகம்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். சிற்றுண்டிக்கு மிதிவெடி என்று பெயர் வைத்து, சூடாக இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற சனம் உங்களை ஏற இறங்கப் பார்க்கும். அந்த மேசையிலேயே ஒருவர் பேசாமல் இருப்பார். 2009இல் வன்னியில் இருந்தவர். அவரிடம் மட்டும் கருத்துக் கேட்காதீர்கள். கேட்டால் சொல்லவும் மாட்டார், தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பிவிடுவார். அங்கே உரக்கப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எண்பதுகளிலேயே விமானம் ஏறியவர்கள்.

ஆபத்தில்லாத விஷயம் நிறம். ராஜி பாத்திரத்துக்காகச் சமந்தாவின் முகத்தைக் கறுப்பாக்கியிருந்தார்கள். "எங்கடை பெட்டையள் எல்லாரும் உந்த நிறமோ?" என்று தொடங்குங்கள், கடை முழுக்கத் தலையாட்டும். அப்படித் தலையாட்டுகிற அக்கா மகனுக்கு வெள்ளைப் பொம்பிளைதான் வேண்டும் என்று தரகரிடம் சொல்லிவைத்திருப்பதை அந்த நேரத்தில் ஞாபகப்படுத்த வேண்டாம். ராஜியின் பேச்சுத் தமிழைப் பற்றியும் தாராளமாகக் குறை சொல்லலாம். தொடரில் வரும் செல்லம் சாரைப் புகழலாம், அவருக்கு எதிரிகளே இல்லை.

சதியைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் சிரித்துவிடுங்கள். கதைப்படி பாஸ்கரன் என்ற போராளித் தலைவர் லண்டனில் இருக்கிறார். பாகிஸ்தான் உளவுத்துறை அவரோடு ரகசியமாகக் கைகோக்கிறது. சென்னையில் இந்தியப் பிரதமரை விமானத்தால் தாக்கத் திட்டம். விமானத்தையாவது நம்பலாம். லண்டன் தமிழர் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றினார்கள் என்பதை எப்படி நம்புவது? கிங்ஸ்பரியில் ஒருவர் அறை மாறினால் அன்று பின்னேரமே ஹரோவில் தெரியும். ஒரு கோயிலுக்கு இரண்டு நிர்வாகமும் ஒரு பழைய மாணவர் சங்கத்துக்கு இரண்டு செயலாளரும் வைத்திருக்கிறவர்கள் ஒரே தலைவரின் சொல்லுக்கு அடங்கி நடந்தார்களாம்!

இங்கே பிறந்த பிள்ளை இந்த இடத்தில் குறுக்கிடும். "சும்மா கதைதானே அப்பா? சேனல் ஃபோரிலை 'யூடோப்பியா' பாக்கேல்லையோ?" 2013இல் வந்த தொடர் அது. தடுப்பூசியைக் கொண்டு மனிதகுலத்தின் பெரும்பகுதியை மலடாக்க ஒரு ரகசியக் கூட்டம் முயல்கிறது. பள்ளிக்கூடத்துக்குள் துப்பாக்கிச்சூடு நடக்கும் காட்சிக்காக ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமுக்கு முறைப்பாடுகள் போயின. பிள்ளையோடு வாதாடாதீர்கள். ஒன்றை மட்டும் கேளுங்கள்: 'யூடோப்பியா' பார்த்த அடுத்த நாள் வேலையிடத்தில் யாராவது உன்னிடம் வந்து விளக்கம் கேட்டார்களா?

விளக்கம் கேட்க நமக்கு ஆள் இருக்கிறது: பக்கத்து வீட்டுக் குஜராத்தி ஆன்ரி. இந்தித் தொடர் என்பதால் ஒன்றும் விடாமல் பார்த்திருப்பார். வேலிக்கு மேலால் எட்டி, "நீங்களும் ராஜியும் ஒரே ஊரா?" என்பார். ராஜியின் அந்தச் சீருடை, புலிகள் மீது 2001இலிருந்து இந்த நாட்டில் இருக்கும் தடை, விமான நிலையத்தில் தம்பியை நிறுத்தி வைத்தது எல்லாம் ஒன்றாக நெஞ்சுக்குள் வரும். பதிலைத் தயாராக வைத்திருங்கள். ஆனால் ஆன்ரி அதற்குள், ராஜி செத்தபோது தான் அழுததாகச் சொல்லிவிடலாம். அதற்கு நம் கையிருப்பில் பதில் இல்லை. மூன்றாம் பாகம் 2025 நவம்பரில் வந்துவிட்டது, கதை இப்போது நாகாலாந்துப் பக்கம் போய்விட்டது என்று சொல்லி, குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடுங்கள்.